கட்டடத் தொழிலின் சொற்கள்: கொங்கிறீற்று வேலையை முன்வைத்துச் சில விளக்கங்கள்

தமிழிற் கலைச்சொல் பற்றி நிகழ்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் மொழித்தூய்மை, சொல்லாக்க நெறி, ஒலிபெயர்ப்பு முறை என்பனவற்றையே மையமாகக் கொண்டிருந்தன. ஒரு பிறமொழிச் சொல்லுக்கு நிகராக எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்பதே அவற்றின் முதன்மை வினாவாக இருந்தது. அச்சொல்லாற் சுட்டப்படும் தொழிலைச் செய்பவர் யார், அதற்குப் பணம் கொடுப்பவர் யார், சொல்லின் பொருளை அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படவில்லை. கட்டடத் தொழிலின் சொற்களைப் பொறுத்தவரை, இவ்வினாக்களை விடுத்துச் சொற்பொருளை விளக்குதல் இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இக்கருத்து நூலகத்தில் உருவானதன்று. போரின் பின்னர் வன்னியில் மீளக்குடியமர்ந்த என் பெரியம்மா, வீட்டுத் திட்டமொன்றின் உதவியுடன் வீடு கட்டத் தொடங்கியபோது, ஒப்பந்தகாரர் கொடுத்த மதிப்பீட்டுத் தாளை வாசித்துச் சொல்லுமாறு என்னைக் கேட்டார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நான் அப்பொழுது பட்டப்பின் படிப்பு மாணவன். தாளிலிருந்த சொற்கள் யாவற்றையும் என்னால் வாசிக்க முடிந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றின் பொருள் தெரியவில்லை. ‘கியூரிங்’ என்ற சொல்லுக்கு எதிரே ஒரு தொகை இடப்பட்டிருந்தது. நோயைக் குணமாக்குதல் என்பதே அச்சொல்லுக்கு நான் அறிந்திருந்த பொருள். ஏதோ மருந்து பூசுகிறார்கள் போலும் என்று கூறிவிட்டேன். பணம் கொடுக்கப்பட்டது, வேலை செய்யப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள், யன்னலுக்கு மேலே நீட்டி வார்க்கப்பட்டிருந்த வெயில்தட்டு சுவரோடு சேருமிடத்தில் வெடித்துத் தொங்கியது. அந்த வெடிப்பின் காரணங்களைத் தேடியபோது கற்றவையே பின்வரும் விளக்கங்களுக்கு அடிப்படையாக அமைந்தன.

1. சாந்து, சீமெந்து, கொங்கிறீற்று

கட்டடச் சொற்களை வரலாற்று நோக்கில் அணுகுமிடத்து, அவை படை படையாக அமைந்திருப்பதைக் காணலாம். அத்திவாரம், சுவர், தூண், நிலை, வளை, கைமரம், சிலாகை முதலியன மண்ணும் மரமும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய காலத்துக்குரியவை. 1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் வசமானது. 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். யன்னல், விறாந்தை, மேசை, கதிரை, அலுமாரி ஆகியவை போர்த்துக்கேய மொழியிலிருந்தும், கந்தோர், கக்கூசு ஆகியவை ஒல்லாந்த மொழியிலிருந்தும் வந்து நிலைத்தவை. கட்டடத் தலைமைத் தொழிலாளியைச் சிங்களத்திலும் அதன்வழி இலங்கைத் தமிழ்ப் பேச்சிலும் குறிக்கும் ‘பாஸ்’ என்பதும் ஒல்லாந்தச் சொல்லே. ‘மேசன்’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. அவன் கையிலிருக்கும் கருவியோ ‘சாந்தகப்பை’ எனத் தமிழ்ப்பெயர் கொண்டிருக்கின்றது. தொழில் புரிவோர் தமக்குத் தேவையான சொல்லை எங்கிருந்தும் எடுத்துத் தமதாக்கிக் கொண்டனர் என்பதற்கு இவை சான்றாகும். தூய்மை, கலப்பு என்னும் அளவுகோல்கள் அவர்களைப் பொறுத்தவரை பொருளற்றவை.

சாந்து என்பது குழைத்துப் பூசப்படுவது. சந்தனக் குழம்பும் சாந்து. சுண்ணாம்பும் மணலும் நீரும் சேர்ந்த கட்டுக்கலவையும் சாந்து. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல மெல்ல இறுகுவது. நீருக்குள் அது இறுகாது. இக்குறையை நீக்கும் முயற்சியின் நீண்ட வரலாற்றில், 1824இல் இங்கிலாந்தைச் சேர்ந்த யோசப் அஸ்ப்டின் காப்புரிமை பெற்ற ‘போட்லண்ட் சீமெந்து’ ஒரு திருப்புமுனையாகும். இறுகிய நிலையில் அது போட்லண்ட் என்னுமிடத்துக் கட்டடக் கல்லை ஒத்திருந்தமையால் அப்பெயர் இடப்பட்டது. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பத்திற் சுட்டு, அதனாற் கிடைக்கும் கட்டிகளுடன் சிறிதளவு ஜிப்சம் சேர்த்து அரைத்தெடுக்கும் தூளே இன்றைய சீமெந்து. அது காய்வதனால் இறுகுவதன்று. நீருடன் இரசாயனத் தாக்கம் புரிந்து இறுகுவது. இந்த வேறுபாடு பின்னர் கூறப்படும் பலவற்றுக்கும் திறவுகோலாகும்.

வடபுலத்துக்கு இச்சொல் அந்நியமானதன்று. 1950இல் நிறுவப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, அவ்விடத்துச் சுண்ணாம்புக் கல்லையும் முருங்கனிலிருந்து கொண்டுவரப்பட்ட களிமண்ணையும் பயன்படுத்தியது. 1990இல் போர்ச்சூழலில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. சுண்ணாம்புப் பாறையின் மேல் வாழும் மக்கள், அதன்பின் தமது வீட்டுக்கான ஒவ்வொரு பைச் சீமெந்தையும் வெளியிலிருந்தே பெறவேண்டியவராயினர்.

‘சீமெந்துத் தூண்’, ‘சீமெந்துத் தளம்’ என்பன பேச்சு வழக்கிற் சாதாரணமானவை. எனினும் சீமெந்து வேறு, கொங்கிறீற்று வேறு. சீமெந்தும் நீரும் சேர்ந்தது சீமெந்துக் களி. அதனுடன் மணல் சேர்ந்தால் சாந்து. கல் அடுக்கவும் சுவர் பூசவும் உதவுவது அது. சாந்துடன் உடைகற் சல்லியும் சேர்ந்தால் கொங்கிறீற்று. தமிழகத்தில் இதற்குக் ‘கற்காரை’ என்ற சொல் ஆக்கப்பட்டுள்ளது. கல்லோடு கூடிய காரை என்பது பொருளைத் தெளிவாக உணர்த்தும் நல்ல சொல்லே. ஆயினும் இலங்கையில் வேலைத்தளத்தில் வழங்குவது கொங்கிறீற்று என்பதேயாதலின் இக்கட்டுரை அதனையே கையாள்கின்றது.

கொங்கிறீற்றில் இடத்தின் பெரும்பகுதியை நிரப்புவது சல்லியே. சல்லிகளுக்கு இடையிலுள்ள வெளியை மணல் நிரப்புகின்றது. மணலின் இடைவெளியைச் சீமெந்துக் களி நிரப்பி யாவற்றையும் பிணைக்கின்றது. ஆகவே சல்லியும் மணலும் விலையைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்படும் கலப்படமல்ல, கட்டமைப்பின் உறுப்புகள். அவற்றில் மண், தூசி, வேர், உப்பு இருத்தலே கலப்படமாகும்.

2. அளவைச் சொற்கள்

வீட்டு வேலைக்குரிய கொங்கிறீற்றுக்கு ‘ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு’ என்னும் விகிதம் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. சீமெந்து ஒரு பங்கு, மணல் இரு பங்கு, சல்லி நான்கு பங்கு என்பது அதன் பொருள். இங்கு பங்கு என்பது கனவளவு, நிறையன்று. 50 கிலோ எடையுள்ள ஒரு பைச் சீமெந்தின் கனவளவு ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. அவ்வளவுக்கு ஒரு மரப்பெட்டி செய்து, ஒரு பைக்கு இரு பெட்டி மணலும் நான்கு பெட்டி சல்லியும் இடுவதே முறை. பெட்டி இல்லாத இடத்தில் தாச்சி அளவாகின்றது. தாச்சியைக் குவித்து அள்ளுவதா, மட்டமாக அள்ளுவதா என்பதைப் பொறுத்து விகிதம் மாறிவிடும். ஒன்று, இரண்டு, நாலு என்பது ஒன்று, மூன்று, ஆறு என ஆகுமாயின், ஒரு கன மீற்றர் கொங்கிறீற்றிலுள்ள சீமெந்து ஆறு பைக்குச் சற்று மேலான நிலையிலிருந்து ஏறத்தாழ நாலரைப் பையாகக் குறைகின்றது. இறுகிய பின்னர் வெளித்தோற்றத்திலிருந்து இதனைக் கண்டறிவது எளிதன்று.

விலை ஏறும்போது முதலில் மெலிவது இந்த ‘ஒன்று’ தான். 2021இல் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவாக இருந்த ஒரு பைச் சீமெந்தின் விலை 2022இன் நடுப்பகுதியில் மூவாயிரம் ரூபாவை அண்மித்தது. அரைகுறையாக நின்ற வீடுகளின் உரிமையாளர் எதிர்நோக்கிய நெருக்கடியை இவ்வெண்களே உணர்த்தும். அக்காலத்தில் விகிதம் என்பது பொறியியல் வினாவாக மட்டும் இருக்கவில்லை. யாருடைய நட்டத்தை யார் சுமப்பது என்னும் வினாவாகவும் இருந்தது.

மணலும் சல்லியும் இலங்கையிற் ‘கியூப்’ கணக்கில் விற்கப்படுகின்றன. பாடசாலையில் கன மீற்றரைக் கற்ற ஒருவர் இச்சொல்லை அதனுடன் மயங்குதல் இயல்பு. வேலைத்தளத்துக் கியூப் என்பது நூறு கன அடி. அதாவது ஏறத்தாழ 2.83 கன மீற்றர். இவ்வாறே ‘சதுரம்’ என்பது நூறு சதுர அடி. வரைபடம் மீற்றரிலும் மணல் கியூப்பிலும் பூச்சு வேலை சதுரத்திலும் கணக்கிடப்படும்பொழுது, மூன்று அளவைகளுக்கும் இடையில் மாற்றிக் கணக்கிடத் தெரிந்தவரே பேரம் பேசும் வல்லமை பெறுகின்றார். உழவர் பலர் நெல்லளவையில் ஏமாற்றப்பட்ட வரலாற்றை அறிந்த எமக்கு இது புதியதன்று.

நீருக்கும் விகிதம் உண்டு. சீமெந்தின் இரசாயனத் தாக்கத்துக்குத் தேவையான நீர் அதன் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கே. கலவை இளகி அச்சின் மூலைகளுக்குச் செல்லவேண்டியிருத்தலின், நடைமுறையில் ஏறத்தாழ அரைப்பங்கு வரை சேர்க்கப்படுகின்றது. அதாவது ஒரு பைக்கு 25 லீற்றர் அளவு. மணலில் ஏற்கனவே ஈரம் இருக்குமாயின் அதற்கேற்பக் குறைக்கவேண்டும். மிகையான நீர் பின்னர் ஆவியாகி வெளியேறும். அது இருந்த இடம் நுண்துளையாக எஞ்சும். நீருக்கும் சீமெந்துக்குமுள்ள விகிதமே வலிமையைத் தீர்மானிக்கும் முதற்காரணி என்பதை 1918இல் அமெரிக்கரான டஃப் ஏப்ரம்ஸ் தம் சோதனைகளின் வழி நிறுவினார். ஒரு பைக்கு மேலும் பத்து லீற்றர் நீர் ஊற்றினால் வலிமை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்துவிடக்கூடும்.

அவ்வாறாயின் தொழிலாளர் ஏன் மேலதிகமாக நீர் ஊற்றுகின்றனர்? அறியாமை என்பதே நடுத்தர வர்க்கத்தினர் வழக்கமாகக் கூறும் விடை. தளம் முழுவதையும் மாலைக்குள் வார்த்து முடிக்கவேண்டும். அதிர்வுப் பொறி இல்லை. கம்பிகளுக்கு இடையில் இறுகிய கலவையை இடித்துச் செலுத்துவதற்கு ஆட்கள் போதாது. இந்நிலையில் ஒரு வாளி நீர் இரண்டு ஆட்களின் உழைப்புக்கு ஈடாகின்றது. உழைப்பின் வேகத்தை நிர்ணயிப்பவர் கலவையின் வலிமையையும் நிர்ணயிக்கின்றார் என்பதே உண்மை.

3. கம்பியின் இடம்

கொங்கிறீற்று நெருக்கலைத் தாங்குவதில் வல்லது. இழுவையைத் தாங்குவதில் மிக வலுக்குறைந்தது. அதன் இழுவை வலிமை நெருக்கல் வலிமையின் ஏறத்தாழப் பத்திலொரு பங்கேயாகும். பச்சை மட்டையொன்றை வளைத்துப் பார்த்தால் உட்புறம் சுருங்குவதையும் வெளிப்புறம் நீண்டு வெடிப்பதையும் காணலாம். இரு சுவர்களின்மேல் கிடத்தப்பட்ட வளையும் பாரம் ஏறும்போது இவ்வாறே நடந்துகொள்கின்றது. அதன் மேற்புறம் நெருக்கப்படுகின்றது, கீழ்ப்புறம் இழுக்கப்படுகின்றது. கீழ்ப்புறத்து இழுவையைத் தாங்குவதற்கே உருக்குக் கம்பி வைக்கப்படுகின்றது. 1867இல் பிரெஞ்சுத் தோட்டக்காரரான யோசப் மோனியே, பூஞ்செடித் தொட்டிகளுக்குக் கம்பி வலையிட்டுச் சீமெந்து வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வலுவூட்டிய கொங்கிறீற்றின் தொடக்ககால முயற்சிகளுள் இது முக்கியமானது.

கம்பியும் கொங்கிறீற்றும் இணைந்து வாழ்வதற்கு இரு காரணங்கள் உள. வெப்பத்தினால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிகின்றன. அன்றியும், சீமெந்தின் காரத்தன்மை கம்பியைத் துருவேறாது காக்கின்றது.

‘பீம்’ என வழங்கும் வளையிலும், ‘லிண்டல்’ எனப்படும் யன்னல், கதவு நிலைகளின் மேல்வளையிலும், ‘சிலாப்பு’ எனப்படும் தளத்திலும், நடுப்பகுதியில் முதன்மைக் கம்பி கீழ்ப்புறமாக அமையும். வளையைச் சுற்றிக் கட்டப்படும் வளையக்கம்பிகள், தாங்கும் சுவருக்கு அண்மையில் அது சாய்வாகப் பிளவுபடுவதைத் தடுப்பன. அவை வெறும் கட்டுக்கம்பிகளல்ல. வெயில்தட்டோ இவற்றினின்றும் வேறுபட்டது. அது ஒரு பக்கத்தில் மாத்திரம் தாங்கப்பட்டு, மறுபக்கம் வெளியே நீண்டு நிற்பது. ஆதலின் அதன் மேற்புறமே இழுக்கப்படும். கம்பியும் மேற்புறத்திலேயே இருத்தல் வேண்டும். வார்க்கும்போது தொழிலாளர் கம்பியின்மேல் ஏறி நின்றால் அது கீழே அமிழ்ந்துவிடும். கம்பி இருக்கின்றது, ஆனால் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. பெரியம்மாவின் வீட்டு வெயில்தட்டை உடைத்தபோது கம்பி அடிப்புறத்தில் இருந்தமை தெரியவந்தது. மதிப்பீட்டுத் தாளில் கம்பியின் நிறை சரியாகவே குறிக்கப்பட்டிருந்தது.

கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் இடையே விடப்படும் கொங்கிறீற்றுக் கனம் ‘கவர்’ எனப்படும். தமிழிற் காப்புப்படை எனலாம். வீட்டினுள்ளே அமையும் தளத்துக்கு இது 20 முதல் 25 மில்லிமீற்றர் வரை இருத்தல் வழக்கம். நிலத்தைத் தொடும் அத்திவாரத்துக்கும் கடற்காற்றுப் படும் பகுதிகளுக்கும் இதனிலும் கூடுதலாக வேண்டும். சிறு சாந்துக் கட்டைகளைக் கம்பியின் கீழ் வைத்து இந்த இடைவெளியை உறுதிசெய்வர். கட்டை வைக்காவிடில் கம்பி பலகையில் ஒட்டிக் கிடக்கும். பலகையைக் கழற்றியதும் வெளியே தெரியும். பூச்சு அதனை மறைக்குமேயன்றிக் காக்காது. கழுவப்படாத கடல் மணலும் உவர்க் கிணற்று நீரும் இதனை மேலும் கேடாக்குவன. உப்பிலுள்ள குளோரைட்டு, காரத்தின் காவலை முறித்துக் கம்பியைத் துருவேறச் செய்கின்றது. துரு, உருக்கைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதாகையால் கொங்கிறீற்று உள்ளிருந்தே பிளந்து உதிர்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கிழக்குக் கரையோரத்திலும் வீடு கட்டுவோர் இதனைச் சிறப்பாக மனங்கொள்ள வேண்டும்.

4. முட்டும் நீரும்

வார்க்கும் கலவைக்கு வடிவம் கொடுப்பது பலகை. பலகையைத் தாங்கி நிற்பது முட்டு. தூணின் பக்கப் பலகையை ஓரிரு நாளிற் கழற்றலாம். அது பாரத்தைத் தாங்குவதன்று. தளத்தின் கீழுள்ள முட்டுக்களோ இரு வாரங்களுக்குக் குறையாமல் நிற்கவேண்டும்; இடைவெளி அகன்றதாயின் இன்னும் கூடுதலாக. அடுத்த வீட்டு வேலைக்குப் பலகையும் முட்டும் தேவைப்படுகின்றன என்பதற்காக அவற்றை முன்கூட்டியே உருவுதல் பலவிடத்தும் காணப்படும் வழக்கமாகும்.

இனிக் ‘கியூரிங்’ என்னும் சொல்லுக்கு வருவோம். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, நீருடன் தாக்கமுற்றே இறுகுகின்றது என மேலே கூறப்பட்டது. வார்த்து முடிந்த பின்னரும் அத்தாக்கம் வாரக்கணக்கிற் தொடர்கின்றது. உரிய பராமரிப்பு இருப்பின் ஏழாம் நாளில் முழு வலிமையின் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கு கிட்டும். கணிப்புக்குரிய வலிமை 28ஆம் நாளில் அளக்கப்படுகின்றது. எமது வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்பு முதல் நாளிலேயே உலர்ந்துவிடும். உலர்ந்த இடத்தில் தாக்கம் நின்றுவிடும். அவ்விடம் சுருங்கி வெடிக்கும். எனவே குறைந்தது ஏழு நாட்களுக்காவது கொங்கிறீற்றை ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். தளத்தின் விளிம்பிற் சாந்து வரம்பு கட்டி நீரைத் தேக்குவதும், தூணைச் சாக்கினாற் சுற்றி நனைப்பதும் இதற்குரிய வழிகளாம். கலக்கும்போது நீர் மிகுதல் கேடு. இறுகிய பின் நீர் குறைதல் கேடு. இந்த இரண்டையும் மாறிச் செய்தலே எமது வேலைத்தளங்களின் பெரும் பிழையெனலாம்.

இச்செயலுக்குக் ‘குணமாக்கல்’ என அகராதி பார்த்துப் பெயர் வைத்தால் நான் செய்த பிழையே மீளவும் நிகழும். தமிழகத்தில் ‘நீராற்றல்’ என்ற சொல் வழங்குகின்றது. எமது மேசன்மார் ‘தண்ணி விடுதல்’, ‘தண்ணி கட்டுதல்’ என்பர். வயலுக்கும் தோட்டத்துக்கும் வழங்கிய சொல்லே இங்கும் வந்துள்ளது. செய்யவேண்டியது யாது என்பதைச் சொல்லே கூறிவிடுகின்றது. இதனிலும் சிறந்த கலைச்சொல்லை எந்தக் குழுவும் ஆக்கித் தரமுடியாது.

5. படிகளும் பணமும்

ஒரு வீட்டின் உறுப்புப் பெயர்கள் அதன் நிதியையும் ஆளுகின்றன. போரின் பின்னர் வடக்கு, கிழக்கில் நடைமுறைப்படுத்தப்பட்ட இந்திய வீட்டுத் திட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. 2012இல் தொடங்கிய கட்டத்தில் உரிமையாளரே கட்டுவித்துக்கொள்ளும் முறை பின்பற்றப்பட்டது. பணம் ஒரே தடவையில் அன்றி, வேலை முன்னேறும் படிகளுக்கேற்பப் பகுதி பகுதியாகவே வந்தது. இம்முறையில் நிகழ்ந்த திட்டங்களில் அத்திவாரம் முடிந்ததா, லிண்டல் மட்டம் எட்டியதா, கூரை ஏறியதா என்னும் வினாக்களுக்கான விடையே அடுத்த தவணையைத் தீர்மானித்தது. ஆதலின் இச்சொற்களின் எல்லையை அறிந்திருத்தல் இன்றியமையாததாயிற்று.

அத்திவாரம் என்பது நிலத்துக்குள் இருப்பது மாத்திரமன்று. நிலமட்டத்துக்கு மேல் உள்வீட்டுத் தரைமட்டம் வரை எழும் பகுதியும் அதனைச் சார்ந்ததே. அம்மட்டத்தில், சுவர் தொடங்குமுன் இடப்படும் மெல்லிய படையை வேலைத்தளத்தில் ‘டீ.பீ.சீ.’ என மூன்று எழுத்தாற் கூறுவர். நிலத்து ஈரம் சுவரினூடாக மேலேறுவதைத் தடுப்பதே அதன் பணி. ஈரந்தடுப்புப் படை எனலாம். அது ஒரு நாள் வேலை, செலவும் சிறிது. அது விடுபட்டால் சுவரின் அடிப்பகுதியில் பூச்சு பொருக்கெழுந்து உதிர்வதை ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுவர் எழுந்த பின்னர் அதனை இடுதல் மிகக் கடினம். மூன்று எழுத்தாக வழங்கும் ஒன்றை வீட்டுக்காரர் கேட்டுப் பெறுவது எங்ஙனம்? பெயர் விளங்காத பொருளின் இன்மையும் விளங்குவதில்லை.

6. சொல்லுக்கு உரியவர்

தமிழிற் கலைச்சொல்லாக்க முயற்சி நீண்ட வரலாறுடையது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சுவாமி விபுலாநந்தர். இலங்கையில் தாய்மொழிக் கல்வி விரிந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இம்முயற்சிகளின் பெறுமதியை எவரும் குறைத்து மதிப்பிடல் ஆகாது. எனினும் இவை பாடநூலையும் மாணவரையும் நோக்கியவை. பொறியியற் பீடங்களிற் கற்பித்தல் இன்றும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. இதன் விளைவாகக் கட்டடத் தொழிலில் மூன்று மொழிகள் ஒன்றன்மேலொன்றாக நிற்கின்றன: பொறியியலாளரதும் ஒப்பந்தகாரரதும் ஆங்கிலத் தாள்மொழி, சொற்றொகுதியின் தமிழ், வேலைத்தளத்தின் தமிழ். முதலாவது பணத்தை ஆளுகின்றது. மூன்றாவது வேலையை ஆளுகின்றது. இரண்டாவதோ பெரும்பாலும் அலுமாரியில் இருக்கின்றது.

இந்தப் பிரிவு வெறும் மொழிப்பிரிவன்று; மூளையுழைப்புக்கும் உடலுழைப்புக்கும் இடையே வர்க்க சமூகம் ஏற்படுத்திய பிளவின் மொழிவடிவமாகும். யாழ்ப்பாண வழக்கில் மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுக்கும் உதவியாளுக்கு ‘முட்டாள்’ என்று பெயர். முட்டுக் கொடுக்கும் ஆள் எனப் பிரித்துப் பொருள் காண்பதுண்டு. அறிவிலி என்னும் பொருள்தரும் சொல்லும் இச்சொல்லும் ஒரே ஒலியுடையனவாய் நிற்பதில், உடலுழைப்பை இழிவாக நோக்கும் சமூகத்துக்கு யாதொரு சங்கடமும் ஏற்படவில்லை. தளத்தின் கீழுள்ள முட்டை முன்கூட்டியே உருவினால் தளம் இறங்கும் என்பதை ஏற்றுக்கொள்ளும் நாம், முட்டுக்கொடுக்கும் ஆளின் அறிவைக் கணக்கில் எடுப்பதில்லை.

வெயில்தட்டு வெடித்த பின்னர், அதனைக் கட்டிய மேசனை ஒருநாள் சந்தைக்கு அருகில் கண்டேன். நீர் விடாமைக்கு அவருடைய அறியாமையே காரணம் என்ற எண்ணத்துடன், சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் கூறிய விடை பின்வருமாறு: “தண்ணி விடாட்டி வெடிக்குமெண்டு எனக்குத் தெரியாதே தம்பி? வாத்த அடுத்த நாளே எங்களை வேற வீட்டுக்கு ஏத்திப் போட்டாங்கள். தண்ணி விடுறதுக்கெண்டு காசு போட்டிருந்தது எண்டு ஆர் எங்களுக்குச் சொன்னது?” கம்பி அமிழ்ந்ததையும் அவர் மறுக்கவில்லை, கவர்க் கட்டைக்கும் நடைபலகைக்கும் கேட்டபோது, இருப்பதை வைத்து முடிக்கும்படி கூறப்பட்டதென்றார்.

இவ்விடையின் பொருள் தெளிவானது. செயலை அறிந்தவருக்குத் தாளிலிருந்த சொல் தெரியாது. சொல்லை வாசிக்கத் தெரிந்த எனக்குச் செயல் தெரியாது. பெரியம்மாவுக்கு இரண்டும் மறைக்கப்பட்டிருந்தன. அந்த இடைவெளியில் நின்றவரே இலாபம் பெற்றார். மேசனும் நானும் ஒரு சொல்லைப் பொதுவாகக் கொண்டிருப்போமாயின் அத்தொகை ஏழு நாள் நீராக மாறியிருக்கும்.

ஆகவே கட்டடக் கலைச்சொற் பணி இனி மூன்று நிலைகளில் நிகழவேண்டும். முதலாவது, மேசன், ஓடாவி, கம்பி கட்டுநர், உதவியாள் ஆகியோரிடமிருந்து வழக்குச் சொற்களை மாவட்டந்தோறும் திரட்டுதல். மட்டக்களப்பு, மன்னார், மலையகம் ஆகிய இடங்களின் வழக்குகள் யாழ்ப்பாண வழக்கின் கிளைகளாகக் கருதப்படாது, தத்தமக்குரிய தகுதியுடன் பதிவுபெற வேண்டும். இரண்டாவது, அவ்வாறு திரட்டிய சொற்களையே முதன்மையாகக் கொண்டு, அவற்றாற் சுட்டப்படும் செயலையும் அளவையும் விளக்கும் சிறு கைந்நூல்களை ஆக்குதல். சொல்லுக்குச் சொல் நிறுத்தும் அகராதி இதற்குப் போதாது. மூன்றாவது, பொதுப்பணத்தில் அமையும் எந்த வீட்டுக்கும் மதிப்பீடும் ஒப்பந்தமும் வீட்டுக்காரருடைய மொழியில் வழங்கப்பட வேண்டும் எனக் கோருதல். 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை பெயர்ப்பலகையிற் தொடங்கி அங்கேயே முடிந்துவிடலாகாது. கம்பியின் விட்டமும் கலவையின் விகிதமும் நீர் விடும் நாட்களும் எழுதப்பட்ட தாள்வரை அது செல்லவேண்டும்.

பெரியம்மாவின் வெயில்தட்டு கடந்த ஆண்டு மீள வார்க்கப்பட்டது. அதே மேசனே வந்தார். இம்முறை ஒப்பந்தகாரர் இல்லை. வேலை விபரம் ஒரு கொப்பித் தாளில் தமிழில் எழுதப்பட்டது. அவர் சொல்ல நான் எழுதினேன். அதன் கடைசி வரி, ‘ஏழு நாள் தண்ணி விடுறது’ என்பதாகும். அதற்கான கூலி எதிரே குறிக்கப்பட்டது. ஏழு நாளும் தண்ணீர் விடப்பட்டது.